விகுதி

தலவாக்கலை நூலகத்தில் எடுத்த நாவல்.
பதினான்கு நாள் தவணை. இன்றோடு இருபத்தாறு.
பரவாயில்லை, தண்டம் கட்டலாம்.
அடகுப் பிரிவில் உட்கார்ந்திருப்பவளுக்குத்
தவணை தப்புவது புதிதில்லை.

அறுபத்தோராம் பக்கத்தை
என்னால் தாண்ட முடியவில்லை.

அந்தப் பக்கத்தில் ஒன்றுமே நடப்பதில்லை.
ஒருவன் ஒரு சிறுமிக்குக் குடை கொடுக்கிறான்.
"நீ மற்றப் பிள்ளைகள் மாதிரி இல்லை" என்கிறான்.
அவ்வளவுதான்.
மழைகூட அளவாகத்தான் பெய்கிறது.

எனக்கு அது டோர்ச் லைட்.
லயத்தில் கரண்ட் போனால் படிப்பதற்கு.
பிறகு கொப்பிகள்.
பிறகு கொப்பியின் கடைசிப் பக்கத்தில்
சிவப்பு மையில் எனக்கு மட்டும் ஒரு வரி.
பிறகு, மற்றவர்கள் போனதும் பத்து நிமிடம்.

பிரட்டுக்குப் போகுமுன் அம்மா
போஞ்சியும் லீக்ஸும் பையில் கட்டித் தருவாள்.
"சாருக்குக் குடு. நம்ம புள்ளைக்கு
யாரு இவ்வளவு செய்வாங்க."
மூன்று மைல் குறுக்குப் பாதையில்
அட்டை கடிக்கக் கடிக்க
நானேதான் கொண்டுபோய்க் கொடுத்தேன்.
இந்த 'நானேதான்' என்ற சொல்லோடு
இருபது வருடம் ஒரே அறையில் இருந்திருக்கிறேன்.

நாவலில் அத்தியாயம் அங்கே முடிகிறது.
அரைப் பக்கம் வெள்ளை.
திருப்பினால் அவளுக்கு நாற்பத்தொரு வயது.
பதுளையில் ஒரு கடையில் சப்பாத்து வாங்குகிறாள்.
"உங்களுக்கென்றே செய்தமாதிரி இருக்கு மிஸ்"
என்கிறான் கடைப் பையன்.
கழற்றி வைத்துவிட்டு
மழையில் இறங்கிப் போகிறாள்.

எழுதியவருக்கு எப்படித் தெரியும்?

போன மாதம் மனேஜர் என்னைக் கெட்டிக்காரி என்றார்.
கழிவறையில் குழாயைத் திறந்துவிட்டு
நின்றுகொண்டே இருந்தேன்.
நல்ல மனுசர், பாவம்.
லோகேந்திரன் அறைக்குள் வருமுன்
ஒருதரம் இருமிவிட்டு வருவார்.
யார் பழக்கியது என்று
இருவருமே பேசியதில்லை.

வந்தான், சிரித்தான், சொன்னான் என்று
கூசாமல் போகிறது நாவல்.
எனக்கு நாக்கு இடறுகிறது.
ஒவ்வொன்றையும் மனதுக்குள்
வந்தார், சிரித்தார் என்று திருத்துகிறேன்.

பகுபதம் பிரிக்கச் சொல்லித்தந்ததே அவர்தான்.
ஆர் பலர்பால் விகுதி.
ஒரு ஆளுக்குப் பின்னால்
ஊரைக் கொண்டுவந்து நிறுத்தும் விகுதி:
அதிபர், கோயில் கமிட்டி, தோட்டத்துத் தலைவர்,
வரிசையின் கடைசியில்
போஞ்சிப் பையோடு அம்மா.

அவருக்கு மணிவிழாவாம்.
சந்தியில் பதாகை, பனியில் நனைந்து தொங்குகிறது.
எங்கள் வகுப்பு வாட்ஸ்அப்பில்
ஆளுக்கு இரண்டாயிரம் கேட்கிறார்கள்.
பார்த்துவிட்டேன். நீலக் குறி விழுந்துவிட்டது.
இன்னும் பதில் போடவில்லை.

ஒன்று சொல்ல மறந்தேன்.
மறக்கவில்லை, தள்ளிப்போட்டேன்.
அந்த வசனத்தின் கீழே
எனக்கு முன் யாரோ பென்சிலால் கோடிழுத்திருக்கிறார்கள்.
பிறகு அழித்திருக்கிறார்கள்.
கோடு போய்விட்டது,
அழுத்திய பள்ளம் போகவில்லை.
விரலால் தடவினால் தெரிகிறது.

கடைசித் தாளில் ஆறு தேதிகள், பெயர்கள் இல்லை.
மூன்றாவதா, ஐந்தாவதா?
இந்த ஊரில்தான், ஏதோவொரு லயத்தில்,
ஏதோவொரு குவார்ட்டர்ஸில் இருக்கிறாள்.
என் கவுண்டரில் வளையலை வைத்துவிட்டு
எண்ணிப் பாராமலே காசை வாங்கிப் போனவளாகவும் இருக்கலாம்.
அவளுக்கும் இதே வசனமா?
இதே வாயா?

நூலகத்துக்குப் போனேன். திருப்பிக் கொடுக்கவில்லை.
"முடிக்கல்ல. இன்னும் ரெண்டு கிழமைக்குப் போடுங்க."
ஏழாவது தேதி விழுந்தது,
கொஞ்சம் சரிந்து.

லிந்துலை பஸ் சந்தியில் நின்றது,
பதாகைக்கு நேரே.
சொன்னான், என்றேன்.
பக்கத்து இருக்கைப் பிள்ளை திரும்பி
"என்ன அக்கா?" என்றது.
ஒன்றுமில்லை என்று சொல்ல
வாயைத் திறந்தேன்.
பஸ் கிளம்பியது.
அது இன்னும் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது.